ஃபைட்டர் குஞ்சுக்கு மைக்ரோ வார்ம்

ஃபைட்டர் மீன் முட்டை போட்டுப் பொரித்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர், மறுவாரமே முகம் வாடி வந்து நிற்பார்கள். தொட்டியில் ஒரு குஞ்சுகூட மிஞ்சியிருக்காது. பெரும்பாலும் தீனிதான் காரணம். அந்தக் குஞ்சின் வாய் அவ்வளவு சின்னது. அதோடு, நெளிகிற எதையும்தான் அது தீனி என்று நம்பும். எவ்வளவு நைசாகப் பொடித்த உருண்டைத் தீனியையும் பெரும்பாலான குஞ்சுகள் சீண்டாது.

அதற்குத்தான் மைக்ரோ வார்ம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிட மெலிசு. முட்டையிடாமல் குட்டி போடும் உருளைப்புழு என்பதால் மளமளவென்று பெருகிவிடும். ஸ்டார்ட்டர், அதாவது உயிருள்ள புழுக்கள் கலந்த கொஞ்சம் கூழ், சென்னை கொளத்தூர் பக்கம் மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு ஸ்பூன் போதும்.

சாதா ஓட்ஸைத் தண்ணீரில் வேகவைத்து நன்றாக ஆறவிடுங்கள். உப்பு, சர்க்கரை கூடாது, மசாலா ஓட்ஸ் வேண்டவே வேண்டாம். கெட்டியான இட்லி மாவு பதத்தில் இருக்கட்டும். தண்ணீர் கூடினால் சீக்கிரம் புளித்து நாறும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேலே ஸ்டார்ட்டரைத் தடவி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவுங்கள். புழுவுக்கு உண்மையான சாப்பாடு அந்த ஈஸ்ட்தான். மூடியில் சூடான ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு, மூடிக்கு அடியில் ஒரு டிஷ்யூவை வைத்து அழுத்துங்கள். இல்லையென்றால் பழ ஈ உள்ளே போய் முட்டையிடும்.

இரண்டு மூன்று நாளில் டப்பாவைச் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பரப்பு முழுவதும் மினுமினுவென்று நெளியும். அப்புறம் புழுக்கள் சுவரில் ஏற ஆரம்பிக்கும், கிளை கிளையாக வெள்ளைக் கோடுகள் தெரியும். எடுக்க வேண்டியது அந்தக் கோடுகளை மட்டும்தான். ஓட்ஸ் தொட்டிக்குள் போனால் தண்ணீர் கெட்டுவிடும். காது குடையும் பட்ஸால் சுவரை வழித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் அலசி, டிராப்பரால் குஞ்சுகள் கூடியிருக்கும் இடத்தில் விடுங்கள்.

புழு அடியில் போய்த்தான் தங்கும். அதனால் குஞ்சுத் தொட்டியில் மணல், கல் எதுவும் வேண்டாம், தண்ணீரும் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீரில் பல மணி நேரம் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும், ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு மூன்று வேளை போடுவதே நல்லது. சாப்பிட்ட குஞ்சின் வயிறு வெள்ளையாக உப்பித் தெரியும். அதைப் பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

சென்னை வெயில்தான் பெரிய எதிரி. மொட்டை மாடியிலும் ஃபிரிட்ஜ் மேலும் டப்பாவை வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் நான் அதை மண்பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலிலேயே பதித்து வைக்கிறேன்.

புது டப்பாவில் புளித்த வாசனைதான் வரும். கூழ் நீர்த்துப் பழுப்பாகி நாற்றம் மாறினால் அதன் காலம் முடிந்தது. அதுவரை காத்திருக்காமல் வாரம் ஒரு புது டப்பா போட்டுவிடுங்கள். ஒன்றில் பூஞ்சை பிடித்தாலும் இன்னொன்று கையில் இருக்க வேண்டும். குஞ்சுகளின் பசிக்கு ஒரு நாள் இடைவெளிகூடத் தாங்காது.

குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறாலையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் என்ற சிவப்புப் புழு மட்டும் இந்த வயதில் வேண்டாம், நோயையும் சேர்த்துக் கொண்டுவரும்.