தொட்டிப் புழுவைப் பார்த்துக் கொசுவின் பேரினம் அறிய

தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு தெரிந்தால், கொட்டுவதற்கு முன் அது மேற்பரப்பில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலஸ் (மலேரியா பரப்பும் கொசு வகை). தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் (டெங்கு பரப்பும் வகை) அல்லது கியூலெக்ஸ் (யானைக்கால் நோய் பரப்பும் வகை). நிழல் பட்டால் அடியில் ஓடிவிடும், சற்றுப் பொறுத்தால் மூச்சு வாங்க மேலே வரும்.

அனாபிலஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது. உடலையே நீர்மட்டத்தில் கிடத்திக் காற்று எடுக்கிறது. மற்ற இரண்டுக்கும் வால்முனையில் குழல் உண்டு. ஏடிஸுக்கு அது குட்டையாக, தடித்திருக்கும். கியூலெக்ஸுக்கு நீண்டு மெலிந்திருக்கும்.

திருப்பூர், அவிநாசிப் பக்கம் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து நாள்கணக்கில் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் உதவும். குட்டைக் குழலைக் கண்டால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்தே ஆக வேண்டும். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கூட்டுப்புழுவாகிச் சுருண்டுவிட்டால் இந்த அடையாளம் செல்லாது. ஏடிஸ் ஈஜிப்தி என்பதில் ஏடிஸ் பேரினம், ஈஜிப்தி சிற்றினம். தொங்கும் விதம் சிற்றினத்தைக் காட்டாது, அதற்கு உருப்பெருக்கி வேண்டும்.