ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு புது ஆப்பா?

மட்டக்களப்பில் மார்கழி மழை அடித்து ஊற்றினால் கணினித் துறை மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "சேர், முகாம் பதிவுக்கு நாங்களே ஒரு ஆப் செய்வமா?" ஆசை நல்லதுதான். ஆனால் முதல் தவறே அதுதான். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் டெமோ காட்டிப் புள்ளி வாங்கியதும் அந்த ஆப்பைத் திறக்க ஆள் இருக்காது. அடுத்த வெள்ளத்துக்கு இன்னோர் அணி, இன்னோர் ஆப்.

2004 சுனாமி நாவலடியையும் கல்முனையையும் வாரிக்கொண்டு போன சில வாரங்களுக்குள், இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய பேரிடர் உதவி மென்பொருள்தான் சஹானா. காணாமல் போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் எல்லாவற்றுக்கும் அதில் பதிவு இருந்தது. அதன் கோட், அதாவது நிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்தே இருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது கைகொடுத்தது. இப்படி ஏற்கெனவே இருக்கும் திறந்த மென்பொருள் திட்டத்தில் நுழைவதுதான் கடினம், பயனும் அதில்தான். முதல் மாதம் மென்பொருளை நிறுவி ஓடவைத்து, எங்கே தடுக்கியதோ அந்த வழிகாட்டிப் பக்கத்தைத் திருத்தினாலே போதும். நோயாளர் பதிவுக்கான ஓப்பன்எம்ஆர்எஸ் போன்ற திறந்த திட்டங்கள் புதியவர்களுக்கென்றே சிறு வேலைகளை ஒதுக்கி வைக்கின்றன.

செமஸ்டர் கணக்கில் அவசரப்படுத்துவது அடுத்த தவறு. மாணவன் அனுப்பும் நிரலை ஏற்கலாமா என்று பார்ப்பவர் எங்கோ இருக்கும் தன்னார்வலர். பதிலுக்கு இரண்டு வாரமும் ஆகலாம். ஏற்கப்பட்ட நிரலுக்கு மட்டும் புள்ளி என்றால் மாணவன் தண்டிக்கப்படுவான். கேட்ட கேள்விகளுக்கும் செய்த திருத்தங்களுக்கும் புள்ளி கொடுங்கள். நாற்பது பேரை ஒரே நாளில் ஒரே திட்டத்துக்குள் தள்ளிவிடவும் வேண்டாம், பாவம் அந்தத் தன்னார்வலர்கள்.

இந்த மென்பொருள்களின் தமிழாக்கத்தைச் சில்லறை வேலை என்று நினைக்கிறோம். படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி இருந்தால், தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் ஆட்கள் எதை எங்கே எழுதுவார்கள்? பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை அப்படியே ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றியாக வேண்டும். இதெல்லாம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். வெளிநாட்டு டெவலப்பர் எங்கே காணப்போகிறார்?

மன்னிக்க முடியாத தவறு ஒன்று உண்டு. சோதித்துப் பார்க்க என்று முகாமின் உண்மைப் பட்டியலையே, அடையாள அட்டை இலக்கத்தோடு, நிரலை எல்லோரும் பார்க்கப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டுவிடுவது. பெயர்ப் பட்டியல் என்றாலே வயிறு கலங்கிய காலத்தைக் கண்ட மண் இது. சோதனைக்குக் கற்பனைப் பெயர்கள் போதும். "அழிச்சிட்டன் சேர்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. கோப்பை நீக்கினாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளின் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும்.