மாங்லியே நடக் கோயில் சங்கம் பணம் வாங்குவது எப்படி

மொரீசியசில் நம் கோயில் சங்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: கடலோரத்தில் மாங்லியே, அதாவது அலையாத்தி மரம், நட வேண்டும், பாங்கில் பசுமைக் கடன் (சுற்றுச்சூழல் வேலைக்குத் தரும் கடன்) கிடைக்குமா? இதற்குக் கடன் வேண்டாம். கடன் வாங்கிக் கோயில் கூரையில் சோலார் போட்டால் கரண்ட் பில் குறையும், மிச்சமாவதில் தவணை கட்டிவிடலாம். அலையாத்தி மீன்குஞ்சுக்கு இடம் தரும், அலையின் வேகத்தைத் தணிக்கும், ஆனால் மாதாமாதம் காசு தராது, அதற்குத் திருப்பிக் கட்ட வேண்டாத மானியம்தான் சரி.

முதலில் பார்க்க வேண்டியது ஜிஇஎஃப் (உலகச் சுற்றுச்சூழல் நிதியம்) சிறு மானியத் திட்டம். 1992 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் இதைப் பல நாடுகளில் நடத்துகிறது. தனி ஆளுக்குத் தரமாட்டார்கள், அதனால் சங்கப் பதிவும் சங்கத்தின் பெயரிலேயே பாங்க் கணக்கும் தயாராக இருக்கட்டும் (தலைவர் கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்). பல ஆண்டுகளாக உச்சவரம்பு 50,000 அமெரிக்க டாலராக இருந்தது. இப்போதைய வரம்பைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். மொத்தப் பணமும் ஒரே நாளில் வராது. தவணை தவணையாக வரும், அறிக்கை தந்தால்தான் அடுத்தது.

பலர் கோட்டை விடுவது திட்டச் செலவில் சங்கம் போடும் நம் பங்கு விஷயத்தில். பணமாகப் போட முடியாவிட்டாலும் உழைப்பு, படகு, கூட்டம் போடும் மண்டபம் எல்லாவற்றையும் மதிப்புப் போட்டுச் சேர்க்கலாம். நாங்கள் ஓரிடத்தில் கொடுத்த முதல் விண்ணப்பத்தில் "உறுப்பினர்கள் உதவுவார்கள்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தோம், திரும்பி வந்துவிட்டது, வந்திருக்க வேண்டியதுதான். அடுத்த முறை இப்படி எழுதினோம்: 20 பேர், 6 ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு 4 மணி நேரம், ஆக 480 மணி நேரம். அதைக் கூலிக் கணக்கில் பெருக்கினால் வரும் தொகை நமக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்புறம், அன்னதானத்துக்குப் பெயர் எழுதும் நோட்டு மாதிரி ஒன்று வாங்கி, வந்தவர் பெயர், நேரம், கையெழுத்து என்று அன்றன்றே எழுதிவிடுங்கள்.

"ஆயிரம் செடி நடுவோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். முருங்கைக்காய் மாதிரி தொங்கும் அலையாத்தி முளைக்காயைச் சேற்றில் குத்துவது சுலபம், அலை அடித்துப் போகாமல் நிற்பதுதான் பாடு. ஓராண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கும், செத்த இடத்தில் யார் மறுபடி நடுவார் என்பதையும் எழுதுங்கள், அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வையுங்கள். இடத்தை முடிவு செய்யும் முன் மீன்வளத் துறையிடம் எழுத்தில் கேட்டு அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். படம் எடுக்கும்போது ஏதாவது ஒரு பாறை எல்லாப் படத்திலும் தெரிகிற மாதிரி ஒரே இடத்தில் நின்று எடுங்கள், இல்லாவிட்டால் செடி வளர்ந்ததா, கேமரா கிட்டே போனதா என்று கேட்பார்கள்.