தடுப்பூசிப் பெட்டி: சூட்டுக்குப் பயந்து குளிரில் கெடுப்பது

ஆனேக்கல் பக்கம் கட்டட வேலைக்கு வந்து தகர ஷெட்டுகளில் தங்கியிருப்பவர்களில் தருமபுரி, திருவண்ணாமலைக் குடும்பங்கள் நிறைய. நர்ஸ் அக்கா கன்னடத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டுமே என்று பெங்களூரிலிருந்து தடுப்பூசி முகாம்களுக்குக் கூடப் போக ஆரம்பித்தவன் நான். முதல் நாள் செய்த முதல் உதவியே தப்பு. டீப் ஃப்ரீசரிலிருந்து நான்கு ஐஸ் பேக்கை எடுத்து நேராக வேக்சின் கேரியரில், அதாவது தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியில், செருகிவிட்டேன். ஏப்ரல் வெயில், எவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. அக்கா நான்கையும் உருவி மேஜையில் பரப்பி, வியர்க்கும்வரை தொடக்கூடாது என்றார்.

தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃப்ரீசரிலிருந்து வரும் ஐஸ் பேக்கோ மைனஸ் 15க்கும் கீழே இருக்கும். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, நிமோனியாவுக்கான பிசிவி போன்றவற்றில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வீரியம் போய்விடும். உருகிய பிறகு சும்மா பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குழந்தைக்கு ஊசி வலிதான் மிச்சம். அதனால் ஐஸ் பேக் மேலே நீர் கோத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள். குப்பிகளும் ஜிப் கவரில் நடுவே இருக்க வேண்டும், ஐஸ் பேக்கை ஒட்டி அல்ல.

குப்பியில் சூடு பட்டதைக் காட்ட விவிஎம் என்று ஒரு குறி உண்டு: வட்டத்துக்குள் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் போடலாம். அதே நிறத்துக்கோ இன்னும் கருமைக்கோ வந்துவிட்டால் ஒதுக்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று நிம்மதியாவதுதான் பலரும் செய்யும் பிழை. விவிஎம் சூட்டை மட்டுமே கணக்கு வைக்கிறது; உறைந்ததை அது காட்டாது. சந்தேகம் வந்தால் அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக்கி, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி வைப்பார்கள். சந்தேகக் குப்பியிலும் வண்டல் அதே வேகத்தில் அடியில் இறங்கினால் அது வீண்.

அப்புறம், நம்ம ஊர் குளுகுளு ஊர்தானே என்ற நினைப்பு. டிசம்பர் விடியலில் பெங்களூர் 15 டிகிரியில் நடுங்கினாலும் அது தடுப்பூசிக்குச் சூடுதான். பகலில் தகர ஷெட்டுக்குள் நின்று பார்த்தவர்களிடம் குளுகுளு பேச்சே எடுக்க முடியாது. போலியோ சொட்டு மருந்து சூட்டில் சீக்கிரம் கெடும். ஸ்கூட்டரை வெயிலில் விட்டு டீ குடிக்கப் போகிறவர்கள், பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போகட்டும்.

தட்டம்மை-ரூபெல்லா, காசநோய்க்கான பிசிஜி இரண்டும் பொடியாக வரும். அவற்றைக் கலக்கும் நீரை அறை வெப்பத்தில் விட்டுவிடுவது இன்னொரு தப்பு. கலக்கும்போது அதுவும் மருந்தைப் போலவே குளிர்ந்திருக்க வேண்டும். அந்தந்தக் கம்பெனி கொடுத்த நீராகவும் இருக்க வேண்டும். கலந்ததை 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதில் கஞ்சத்தனம் ஆபத்து: அந்தக் குப்பியில் கிருமி வளர்ந்தால் குழந்தையின் உயிருக்கே உலை. ‘இன்னும் நாலு பிள்ளைக்கு இருக்கே’ என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

மருந்துக்கடையில் தடுப்பூசி வாங்கி, ஐஸ் கட்டியோடு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பெற்றோர் செய்வதும் என் முதல் நாள் தப்புதான்.

பெட்டியை அடிக்கடி திறப்பதும் தப்பு. ஷெட்டுப் பிள்ளைகளுக்கு அது ஐஸ்காரர் பெட்டி. “அண்ணா, ஒருதடவை திறந்து காட்டுண்ணா” என்று கூடவே ஓடிவரும். திறந்ததில்லை, என் மேல் இன்னும் கோபம்தான்.