பழுப்புக் கரடி வேட்டைக்கான தோட்டாத் தேர்வு

அலாஸ்காவில் உரிமம் பெற்றுப் பழுப்புக் கரடி வேட்டைக்குச் செல்வோர், தோட்டாவின் வேகத்தைவிட அதன் முனையிலுள்ள குண்டின் கட்டமைப்பையே முதலில் கவனிக்க வேண்டும். மான் வேட்டைக்கென்று செய்யப்பட்ட, பட்டவுடன் விரிந்து சிதறும் குண்டுகள், கரடியின் தடித்த தோள் தசையிலும் எலும்பிலும் ஆற்றலை இழந்து, நுரையீரலை எட்டாமலே நின்றுவிடக்கூடும். அப்போது காயத்தோடு தப்பும் விலங்கு நெடுநேரம் வதைபடுவதுடன், புதருக்குள் அதைத் தேடிச் செல்பவரின் உயிருக்கும் ஆபத்தாகிறது. செப்பு உறையோடு ஈயம் பிணைக்கப்பட்ட குண்டு, நடுவே தடுப்புச் சுவர் கொண்ட குண்டு, முழுச் செப்புக் குண்டு ஆகியவை பெருமளவு எடை குறையாமல் ஆழமாகப் பாய்கின்றன. .30-06 என்ற தோட்டா அளவுக்குரிய ரைஃபிளுக்கு 200 அல்லது 220 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் சிற்றலகு; சுமார் 15 கிரெயின் ஒரு கிராம்) எடையுள்ள குண்டு தகும். .338 மேக்னம் என்ற பெரிய தோட்டா அதைவிட வலிமையானதுதான். ஆயினும் அதன் பின்னுதைப்புக்கு அஞ்சிக் குறி தவறுபவருக்குக் கைபழகிய .30-06 துப்பாக்கியே மேல் என்பது என் உறுதியான கருத்து. குண்டின் எடையை மாற்றினால், புறப்படுவதற்கு முன்பே குறிநோக்கியை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.