தும்மல் குளிசை வாங்கப் போகிறீர்களா? முதலில் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

பாமசியில் தரும் சின்னக் கடதாசி உறையில் "தும்மலுக்கு, இரவு 1" என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே வெள்ளையாக ஐந்தாறு குளிசை. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது காலாவதி, ஒன்றும் தெரியாது. நானும் பல வருடமாக அப்படித்தான் வாங்கிப் போட்டேன். ஒருமுறை காலபோக அருவிவெட்டு நேரம், வாங்கிய குளிசை கேட்கவில்லை என்று இன்னொரு பாமசியில் வேறு கம்பனிக் குளிசை வாங்கி இரண்டையும் சேர்த்துப் போடத் தொடங்கினேன். மூன்றாம் நாள் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, சில்லு வீதிக்கரைக்கு இறங்கிக் கிறவலில் சறுக்கிய பிறகுதான் விழிப்பு வந்தது. பிறகு விசாரித்தால் இரண்டும் ஒரே மருந்து. இரண்டும் செற்றிரிசின் 10 மில்லிகிராம். கம்பனி மட்டும்தான் வேறு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் பாமசிக்குப் போய் எதைப் பார்த்து, எதைக் கேட்டு, எதை வாங்குவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: இது ஒவ்வாமைதானா என்று பாருங்கள்

வன்னியில் இதற்கு ஆளுக்கொரு பெயர். தூசி அலர்ஜி, பீனிசம், தும்மல் வருத்தம் என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வைக்கோல் காய்ச்சல் என்று பொருள்படும் பெயர். ஆனால் இதில் காய்ச்சல் வராது. 1819 இல் லண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்ரொக் தனக்கு ஒவ்வொரு கோடையிலும் வந்த இந்த வருத்தத்தைத்தான் முதலில் விவரமாக எழுதி வைத்தார். அங்கே அவர்களுக்குப் புல்லின் மகரந்தம் பெரிய காரணம். எங்களுக்குச் சூடடிக்கும்போது பறக்கும் வைக்கோல் தூசி, சோளகம் தொடங்கியதும் கிறவல் வீதியிலிருந்து எழும்பும் புழுதி, வளவு வேலியோரம் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம், பழைய தலையணையில் இருக்கும் தூசிப்பூச்சி.

அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீர் போல மூக்கு ஓடுதல், மூக்கும் கண்ணும் கடித்தல், இவை ஒவ்வாமையின் அடையாளங்கள். காய்ச்சலும் உடல் நோவும் இருந்தால் அது வேறு. டெங்குவாகவும் இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம் என்றால் அது ஆஸ்துமாப் பக்கம் போகிறது, பாமசிக் குளிசையோடு வீட்டில் இருக்க வேண்டாம்.

படி 2: ஒரு மருந்துக்கு இரண்டு பெயர் என்பதை மனதில் பதியுங்கள்

தலையிடி என்றால் எல்லாரும் "ஒரு பனடோல் தாங்கோ" என்றுதான் கேட்கிறோம். பனடோல் கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து பரசிற்றமோல். அதுதான் பொதுப்பெயர், ஆங்கிலத்தில் ஜெனரிக். அந்த மருந்தை எந்தக் கம்பனி செய்தாலும் அது பரசிற்றமோல்தான். தும்மல் குளிசையும் அப்படியே. பிரிற்றன் என்று நாங்கள் சொல்வது குளோபெனிரமின். சைர்டெக் என்பது செற்றிரிசின். கிளாரிற்றின் என்பது லோராற்றடின். அலெக்ரா, டெல்பாஸ்ட் என்று விற்பவை பெக்சோபெனடின். இந்த நான்கு பொதுப்பெயரையும் ஒரு துண்டில் எழுதிப் பர்சில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஏன் ஒன்று விலை, மற்றது மலிவு? புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கும் கம்பனிக்குக் காப்புரிமை கிடைக்கும், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். அது முடிந்ததும் மற்றவர்களும் அதே மருந்தைச் செய்யலாம். அவர்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளில் முதலிலிருந்து சோதிக்கத் தேவையில்லை. தங்கள் குளிசை இரத்தத்தில் சேரும் அளவும் வேகமும் முதல் கம்பனியின் குளிசையோடு ஒத்துப்போகிறது என்று காட்டினால் போதும். இங்கேதான் ஒரு தவறான கதை உலாவுகிறது. "ஜெனரிக் என்றால் 80 வீதம்தான் மருந்து இருக்கும்" என்று படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த 80 என்ற எண் வேறு விசயம். இரண்டு குளிசையும் இரத்தத்தில் சேரும் அளவை ஒப்பிட்டுக் கணக்கிடும்போது, அந்த ஒப்பீட்டில் வரக்கூடிய பிழையையும் சேர்த்து முழு வீச்சும் 80க்கும் 125 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. குளிசைக்குள் மருந்தைக் குறைத்துப் போடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 10 மில்லிகிராம் என்று அச்சிட்டால் 10 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

இலங்கைக்கு இது புதிய பேச்சும் இல்லை. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே பொதுப்பெயர் மருந்துக்காகவே போராடி, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக முக்கிய காரணமாக இருந்தார். ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவைதான்.

படி 3: கம்பனியைத் தெரிவு செய்ய முன் மருந்தைத் தெரிவு செய்யுங்கள்

நிறையப் பேர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். எந்தக் கம்பனி நல்லது என்று கேட்பார்கள், எந்த மருந்து தனக்குச் சரி என்று கேட்க மாட்டார்கள். கம்பனிக்குக் கம்பனி இருக்கும் வித்தியாசத்தை விட, குளோபெனிரமினுக்கும் லோராற்றடினுக்கும் இருக்கும் வித்தியாசம் பல மடங்கு பெரியது.

குளோபெனிரமின் பழைய தலைமுறை மருந்து. மலிவு, வேலையும் செய்யும், ஆனால் நித்திரை கொண்டுவரும், வாய் காயும், சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். உழவு மெசின் ஓடுபவர், அறுவடை இயந்திரத்தில் நிற்பவர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், சோதனைக்குப் படிக்கும் பிள்ளை, இவர்களுக்குப் பகலில் இது வேண்டாம். இரவில் போட்டாலும் சிலருக்கு விடிந்தும் மந்தம் நிற்கும். சாராயத்தோடு சேர்த்தால் ஆபத்து.

செற்றிரிசின், லோராற்றடின், பெக்சோபெனடின் மூன்றும் புதிய தலைமுறை. பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு குளிசை: செற்றிரிசின் 10, லோராற்றடின் 10, பெக்சோபெனடின் 120 மில்லிகிராம். இதில் செற்றிரிசின் கொஞ்சப் பேருக்கு நித்திரையைத் தரும், என் கதை தெரியும்தானே. அப்படி என்றால் இரவில் போடுங்கள், அல்லது லோராற்றடினுக்கு மாறுங்கள். பெக்சோபெனடின் நித்திரை மிகக் குறைந்தது, ஆனால் தோடம்பழச் சாறு, அப்பிள் சாறு இவற்றோடு குடித்தால் உடம்பில் சேருவது குறையும். வெறும் தண்ணீரோடு போடுங்கள். லெவோசெற்றிரிசின் 5 என்று வருவதையும் தெரிந்து வையுங்கள். அது செற்றிரிசினின் வேலை செய்யும் பாதி மட்டும்; 5 என்பதால் பலம் குறைந்தது என்று நினைத்து இரண்டு போட வேண்டாம்.

மூக்கடைப்புத்தான் பெரிய தொல்லை, அதுவும் மாதக்கணக்கில் என்றால், குளிசையை விட மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிறே நன்றாக வேலை செய்யும். அதை டொக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

படி 4: காசு கொடுக்க முன் ஆஸ்பத்திரியை நினையுங்கள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் மாஞ்சோலை, எந்த அரச ஆஸ்பத்திரியிலும் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் மருந்து இலவசம். அங்கே தருவது பொதுப்பெயர் மருந்துதான். "இனாம் மருந்து கேட்காது" என்று அதை முற்றத்தில் வீசிவிட்டு, பாமசியில் அதே மருந்தைப் பல மடங்கு காசுக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காசு அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை.

படி 5: பாமசியில் என்ன கேட்பது

இதற்கு வெட்கப்பட வேண்டாம். நான் இப்படித்தான் கேட்பேன்:

"தம்பி, செற்றிரிசின் பத்து இருக்குதோ? என்னென்ன கம்பனி வைச்சிருக்கிறியள், ஒவ்வொண்டும் என்ன விலை?"

"இது வெளிநாட்டுக் கம்பனி அக்கா, நல்லது. இது சாதாரணம்."

"இரண்டையும் காட்டுங்கோ, பார்த்து எடுக்கிறன்."

காட்டியதும் அட்டையைத் திருப்புங்கள். கம்பனிப் பெயர் பெரிதாக இருக்கும், பொதுப்பெயர் அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பொதுப்பெயர் ஒன்றா, மில்லிகிராம் ஒன்றா, காலாவதித் திகதி தாண்டவில்லையா, அட்டை நசிந்து காற்றுப் போகாமல் இருக்கிறதா, இவ்வளவும் பாருங்கள். குளிசையை வெட்டிக் கொடுக்கும்போது திகதி இருக்கும் மூலை பெரும்பாலும் கடையில் நின்றுவிடும், அதைக் கேட்டுப் பாருங்கள். உறையில் போட்டுத் தந்தால் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை. பெயர் தெரியாத கலவைக் குளிசையில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் இருந்தால் தும்மல் மந்திரம் போல நிற்கும். பிறகு சீனி ஏறும், பிரஷர் ஏறும், ஏன் என்று தெரியாமல் கிளினிக் கிளினிக்காக அலைய வேண்டும்.

டொக்டர் துண்டில் கம்பனிப் பெயரை மட்டும் எழுதினால், "பொதுப்பெயரையும் எழுதி விடுங்கோ டொக்டர்" என்று கேளுங்கள். கேட்டதற்காக என்னிடம் யாரும் கோபிக்கவில்லை.

படி 6: விலையை நாள் கணக்கில் பாருங்கள்

ஒரு உதாரணத்துக்கு, ஒரு கம்பனிக் குளிசை 40 ரூபா, இன்னொரு கம்பனியின் அதே குளிசை 10 ரூபா என்று வையுங்கள். சோளகம் வீசும் காலத்தில் மூன்று மாதம் தினமும் போட்டால் ஒன்று 3,600 ரூபா, மற்றது 900. அதே நேரம் மலிவென்று நாளைக்கு மூன்று நான்கு தரம் போடும் குளிசையை எடுத்தால், ஒரு தரம் போடும் குளிசையை விட மிச்சம் பிடிப்பது பெரிதாக இராது.

படி 7: எப்போது கம்பனிப் பெயரோடு நிற்கலாம்

மலிவானதுதான் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. குளிசையில் மருந்து ஒன்றாக இருந்தாலும் நிறம், மாப்பொருள், லக்ரோஸ் போன்ற சேர்மானங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். யாருக்காவது ஒரு சேர்மானம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒத்துக்கொண்ட கம்பனியோடு நிற்பதுதான் சரி. ஸ்பிறேயிலும் கவனம் வேண்டும். போத்தலின் வாயும் வீசும் விதமும் மாறுவதால், புதியது வாங்கினால் அடிக்கும் முறையை மறுபடி கேளுங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும், நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் சரித்து அடிக்க வேண்டும். இரண்டு கிழமை விடாமல் அடித்த பிறகுதான் முழுப் பலனும் தெரியும், இரண்டு நாளில் "இது சரியில்லை" என்று வீச வேண்டாம்.

தரம் பற்றிய பயமும் நியாயமானதுதான். 2023 இல் வெளிவந்த இம்யூனோகுளோபியூலின் ஊசி விவகாரத்துக்குப் பிறகு எந்த மருந்தைப் பார்த்தாலும் சனத்துக்குப் பயம். ஆனால் அங்கே சொல்லப்பட்ட குற்றச்சாட்டு, தரமில்லாத மருந்து போலி ஆவணங்களோடு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கப்பட்டது என்பது. பொதுப்பெயர் மருந்து என்பதால் வந்த பிழை இல்லை அது. 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. அதில் பதிந்த மருந்தை, அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்கும், பாமசிஸ்ட் நிற்கும் கடையில் வாங்குங்கள். பலசரக்குக் கடையில் போத்தலுக்குள் கிடக்கும் குளிசை வேண்டவே வேண்டாம்.

படி 8: யாருக்குக் கூடுதல் கவனம்

சிறுநீரக நோய் உள்ளவர்கள். வவுனியா, செட்டிகுளம் பக்கம் இது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். செற்றிரிசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அதனால் அளவைக் குறைக்க வேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டாமல் ஒரு குளிசையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அம்மம்மா, அப்பப்பா வயதுக்காரருக்குக் குளோபெனிரமின் தலைச்சுற்று, குழப்பம், சலம் போகக் கஷ்டம் எல்லாம் தரும், விழுந்தால் எலும்பு முறியும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் டொக்டரைக் கேட்டே போட வேண்டும். பிள்ளைகளின் பாணி மருந்தில் 5 மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், கம்பனி மாறினால் அது மாறக்கூடும். தேத்தண்ணிக் கரண்டியால் அளக்க வேண்டாம்.

தடிமன் கலவைக் குளிசைகளில் பரசிற்றமோலும் குளோபெனிரமினும் சேர்ந்தே இருக்கும். அதோடு பனடோலும் பிரிற்றனும் தனியாகப் போட்டால் இரண்டு மடங்கு. மூக்கடைப்பைத் திறக்கும் ஒக்சிமெற்றசொலின், சைலோமெற்றசொலின் துளிகளை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், விட்டால் மூக்கு அதற்குப் பழகி முன்னையை விட மோசமாக அடைக்கும்.

படி 9: வீட்டில் எங்கே வைப்பது

பல அட்டைகளில் 30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கவும் என்று இருக்கும். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசி மத்தியானம் எப்படி இருக்கும்? மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் எப்படி இருக்கும்? நல்ல கம்பனி மருந்தை விலை கொடுத்து வாங்கிப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் வேக வைப்பதை விட, மலிவான மருந்தை நிழலில் ஒழுங்காக வைப்பது மேல். மண்பானை இருக்கும் குளிர்ந்த மூலைக்குப் பக்கத்தில், ஈரம் படாமல், மூடியுள்ள டப்பாவில் அட்டையோடு வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.

புதிய குளிசை தொடங்கினால் ஒரு கிழமை போட்டுப் பாருங்கள். தும்மல் குறைந்ததா, பகலில் நித்திரை வந்ததா என்று கலண்டரில் குறித்து வையுங்கள். கேட்கவில்லை என்றால் இரண்டாவதை மேலே போடாமல், வெறும் அட்டையை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். அந்த அட்டையைப் பார்த்தால்தான் அடுத்து எதைத் தரலாம் என்று அவருக்குத் தெரியும்.