உணர்ச்சி இருந்தால் தொழுநோய் இல்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

'உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம்' என்ற சுவர் வாசகம் நமக்கெல்லாம் மனப்பாடம். அது சரிதான். அதைத் தலைகீழாக்கி, 'உணர்ச்சி இருக்கிறது, அப்படியானால் தொழுநோய் இல்லை' என்று முடிவு கட்டுவதுதான் கோளாறு. மருத்துவர்களும் இதில் சறுக்குகிறார்கள்.

உடலில் கிருமி மிக அதிகமாக இருக்கும் லெப்ரோமேட்டஸ் வகையில், ஆரம்பத்தில் தேமலில் உணர்ச்சி குறையாமலே இருக்கலாம். தேமலும் எடுப்பாகத் தெரியாது. இருபுறமும் பரவி, ஓரம் மங்கி, தோலோடு கலந்திருக்கும். முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். பார்ப்பவர்கள் 'பூசினாற்போல் ஆகிட்டீங்களே' என்பார்கள். காது மடல் தடிப்பதையும் புருவம் வெளி ஓரத்திலிருந்து உதிர்வதையும் யாரும் கவனிப்பதில்லை. மாதக்கணக்கில் மூக்கடைப்பு, மாலையானால் கால் வீக்கம் என்று வேறு வேறு மருத்துவர்களிடம் அலைவார்கள்.

இன்னும் ஏமாற்றுவது ஹிஸ்டாய்ட் வகை. 1963-இல் வேட் என்ற தொழுநோய் ஆய்வாளர் விவரித்தது. இயல்பான தோலில் வழவழப்பான உருண்டைக் கட்டிகள் எழும்பும். மரு, கொழுப்புக் கட்டி என்று நினைத்து வெட்டியெடுத்துவிட்டு, திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவது பெரிய தவறு. அந்தக் கட்டிக்குள் கிருமி குவிந்து கிடக்கும்.

குழந்தையின் கன்னத்தில் வெளிறிய திட்டு வந்தால் 'வயிற்றில் பூச்சி' என்று மாத்திரை கொடுப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது சாதாரணத் தேமல்தான். ஆனால் முகத்தில் நரம்புகள் அடர்த்தி என்பதால் தொழுநோய்த் தேமலிலும் அங்கே உணர்ச்சி தெரியும். மாதக்கணக்கில் மாறாத திட்டைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோதிக்கும் விதத்திலும் பிழை உண்டு. விரலால் அழுத்தி 'தெரியுதா?' என்று கேட்டால் எல்லோரும் 'தெரியுது' என்பார்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. தொட்ட இடத்தை அவரே விரலால் காட்ட வேண்டும்.

மருந்துக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த படை க்ரீம் நோயைத் தீர்க்காது, அடையாளத்தை மழுப்பும். ஏற்கெனவே இருந்த தேமல் திடீரென்று சிவந்து வீங்கினால் ஒவ்வாமை என்றும், காய்ச்சலோடு வலிக்கும் சிவப்புக் கட்டிகள் வந்தால் மூட்டுவாதம் என்றும் நினைப்பார்கள். இரண்டுமே தொழுநோயின் எதிர்வினையாக, அதாவது கிருமிக்கு எதிராக உடல் கிளப்பும் அழற்சியாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கி, நிறுத்தியதும் திரும்பினால் சந்தேகப்படுங்கள்.

தோலில் எதுவுமே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகையும் உண்டு. சுண்டுவிரல் மரத்தால் கழுத்தெலும்புத் தேய்வு என்று எக்ஸ்ரே எடுப்பதற்கு முன், முழங்கையின் உள்பக்க நரம்பை இரு கைகளிலும் தடவிப் பார்த்தால் தடிப்பு தெரிந்துவிடும்.

தோலை லேசாகக் கீறி எடுத்த திசுநீரில் கிருமியைத் தேடும் தோல் கீறல் பரிசோதனையில் கிருமி இல்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகாது. கிருமி குறைந்த வகையில் அப்படித்தான் வரும். 2005-இல் இந்தியாவில் பாதிப்பு 10,000 பேருக்கு 1-க்குக் கீழ் குறைந்ததும், நோயே ஒழிந்ததாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கிருமி உள்ளே போய் அறிகுறி வெளியே வர சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும்.

கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். போகும்போது வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் போங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பார்கள்.